லாபம் அவர்களுக்கு, கழிவு நமக்கு, நிரூபிக்கும் பாரமும் நமக்கா?

புக்கிட் மேரா என்றால் சிங்கப்பூரில் நமக்குத் தெரிந்தது அடுக்குமாடி வீடுகளும் பேருந்து முனையமும் உணவங்காடியும்தான். இந்தத் தலையங்கத்தில் நாம் பேசப்போவது வேறொரு புக்கிட் மேரா. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவை ஒட்டி, லஹாட், மெங்லெம்பு, பாப்பான் ஆகிய ஊர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது அது. ஒரு புதுக்கிராமம். நம் வாசகர்களில் பலருக்கு ஈப்போவில், சுங்கை சிப்புட்டில், தைப்பிங்கில் உறவினர் உண்டு. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் பஸ் ஏறிப் போய் வருகிறோம். ஆனாலும் அந்தக் கிராமத்தின் கதையைக் கேட்டால், இளைய தலைமுறையில் பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அதிகம்.

அங்கே 1982 முதல் ஏஷியன் ரேர் எர்த் என்ற தொழிற்சாலை இயங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் நிறுவனம் அதில் 35 விழுக்காடு பங்கு வைத்திருந்தது. மீதி உள்ளூர்ப் பங்குதாரர்களுடையது. 1994-இல் ஆலையை மூடிவிட்டார்கள். ஆலை போய் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதன் கதிரியக்கக் கழிவு கிளேடாங் மலைத்தொடரில் புதைக்கப்பட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இந்தப் பழைய கதை இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். இன்று உலகம் முழுவதும் அருமண் உலோகங்களுக்குப் போட்டி நடக்கிறது. கைத்தொலைபேசி, மின்சாரக் கார், காற்றாலை, ஏவுகணை என எல்லாவற்றுக்கும் இந்த உலோகங்கள் வேண்டும். நாளுக்கொரு நாடு நாங்களும் எடுக்கிறோம், நாங்களும் சுத்திகரிக்கிறோம் என்று அறிவிக்கிறது. உலோகம் எங்கே போகும் என்று அறிவிப்பில் இருக்கும். கழிவு எங்கே போகும் என்று பெரும்பாலும் இருக்காது. அது ஏழைகள் குடியிருக்கும் இடத்துக்குத்தான் போகும் என்பது புக்கிட் மேராவைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

கதை நம் கடலோரத்திலிருந்து தொடங்குகிறது. செந்தோசாவுக்குப் போகும்போது இடது பக்கம் தெரியும் புலாவ் பிராணித் தீவில் 1890-இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி ஈயம் உருக்கும் ஆலையை அமைத்தது. நாம் பேச்சில் ஈயம் என்று சொல்லும் வெள்ளீயம்தான் இது. பேராக்கிலும் சிலாங்கூரிலும் தோண்டிய தாது கப்பலில் இங்கே வந்து, உருகி, கட்டியாகி ஐரோப்பாவுக்குப் போனது. சிங்கப்பூர் பணக்காரத் துறைமுகமானதில் அந்த ஈயத்துக்கும் ரப்பருக்கும் உள்ள பங்கு சின்னது இல்லை. ஈயம் இங்கே வந்தது. ஈயத்தைக் கழுவிப் பிரித்த பிறகு மிஞ்சிய கனமான கறுப்பு மணல் சுரங்கத்து மேட்டிலேயே கிடந்தது. அந்த மணலுக்குப் பெயர் அமாங். பேராக்கில் ஈய லம்பங்களுக்குப் பக்கத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேளுங்கள், அமாங் குவியலில் ஏறி விளையாடியதைச் சொல்வார்கள்.

அந்த அமாங்கில் இல்மனைட், ஸிர்கான், மோனசைட் என்ற தாதுக்கள் இருக்கின்றன. மோனசைட்டுக்குள் அருமண் உலோகங்கள் இருக்கின்றன. கூடவே தோரியமும் இருக்கிறது. தோரியம் கதிரியக்கம் உள்ள பொருள். அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும், கேரளத்துச் சவறாவிலும், இலங்கையின் புல்மோட்டையிலும் இருப்பது இதே குடும்பத்து மணல்தான். மணலாகக் கிடக்கும்போது தோரியம் பரவலாகக் கலந்து கிடக்கிறது. ஆலையில் அமிலமும் காரமும் போட்டுக் காய்ச்சி உலோகத்தைப் பிரித்தெடுத்தால் மிஞ்சுவதில் அது செறிந்துவிடுகிறது. எடுத்துப் போவது லாபம் தரும் பங்கு, விட்டுப் போவது செறிந்த பங்கு. கனிமத்தைப் பதப்படுத்தும் தொழில் எதுவானாலும் கணக்கு இதுதான்.

தொடக்கத்தில் இந்தக் கழிவை எங்கே போடுவது என்பதற்கே சரியான ஏற்பாடு இல்லை. முதலில் பாரிட் என்ற ஊருக்குப் பக்கத்தில் குழி வெட்டப் பார்த்தார்கள். ஊர் மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. பிறகு பாப்பானில் வெட்டினார்கள். 1984-இல் பாப்பான் மக்கள் சாலையில் இறங்கினார்கள். ஆயிரக்கணக்கில் கூடினார்கள். எல்லாம் பாதுகாப்பாகத்தான் நடக்கிறது என்றது அரசாங்கம். அனைத்துலக அணுசக்தி அமைப்பின் நிபுணர்கள் வந்து பார்த்தபோதோ, குழிகள் தரமாக இல்லை என்பது தெரிந்தது. 1985 ஜனவரியில் அமைச்சரவை இடத்தை மாற்ற முடிவு செய்தது. தேர்ந்தெடுத்த புதிய இடம் கிளேடாங் மலைத்தொடர். பாப்பானிலிருந்து சில கிலோமீட்டர்தான். இதற்குள் ஆலை ஓடத் தொடங்கி இரண்டரை ஆண்டு ஆகிவிட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். வீட்டைக் கட்டிக் குடியேறி இரண்டரை வருடம் கழித்துக் கழிவறைக்கு இடம் தேடிய கதை!

1985 பிப்ரவரி 1-ஆம் தேதி புக்கிட் மேரா மக்கள் எட்டுப் பேர், தங்களுக்காகவும் ஏறத்தாழ 10,000 குடியிருப்பாளர்களுக்காகவும் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அக்டோபர் 14-இல் தடை உத்தரவு கிடைத்தது. ஆனால் 1987 பிப்ரவரியில் அணுசக்தி உரிம வாரியம் ஆலைக்கு உரிமம் கொடுத்தது, ஆலை மறுபடியும் ஓடியது. அதே ஆண்டு செப்டம்பரில் விசாரணை தொடங்கியது. அக்டோபரில் ‘ஓப்பராசி லாலாங்’ என்ற பெயரில் மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து அடைத்தார்களே, அதில் புக்கிட் மேரா போராட்டக் குழுவினரும் இருந்தார்கள். அவர்களுடைய வழக்கறிஞரும் இருந்தார். அவர் மீனாட்சி இராமன், பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் சட்ட ஆலோசகர். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வழக்கறிஞரை 47 நாள் உள்ளே வைத்தார்கள். வெளியே வந்து அவர் அதே வழக்கை நடத்தினார். சட்டம் படிக்கும் நம் பெண்பிள்ளைகளுக்கு யாரையாவது எடுத்துக்காட்டாகச் சொல்ல வேண்டுமென்றால் இவரைச் சொல்லுங்கள்.

விசாரணை 1990 வரை இழுத்தது. வழக்கின் தலைப்பிலேயே முதல் வாதியின் பெயருக்குப் பக்கத்தில் ‘காலமானவர்’ என்ற சொல் சேர்ந்துவிட்டது. 1992 ஜூலை 11-இல் ஈப்போ உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஆலையை 14 நாட்களுக்குள் மூட வேண்டும். ஊரே கொண்டாடியது. அடுத்த மாதமே அந்த உத்தரவு மேல்நீதிமன்றத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. மூடினால் நிறுவனத்துக்கும் தொழிலாளர்களுக்கும் சிரமம் என்று காரணம் சொன்னார்கள். 1993 டிசம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம் ஈப்போ தீர்ப்பையே தள்ளிவிட்டது.

தள்ளியதற்கான காரணங்களை நாம் நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் முழுப் பிரச்சினையும் அதில் இருக்கிறது. ஒன்று, நிறுவனம் கொண்டுவந்த நிபுணர்கள் சொன்னதே நம்பத் தக்கது, அவர்கள்தான் ஆலையில் சோதனை செய்தவர்கள். இரண்டு, குடியிருப்பாளர்கள் நீதிமன்றத்துக்கு வந்திருக்க வேண்டியதில்லை, உரிம வாரியத்திடம் போய் உரிமத்தை ரத்து செய்யச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆலைக்குள் கருவியோடு போய்வரும் உரிமை யாருக்கு இருந்தது? நிறுவனத்துக்கு. கழிவு எத்தனை டன், அதில் எவ்வளவு தோரியம், எந்த லாரியில் எங்கே போனது என்ற கணக்கு யாரிடம் இருந்தது? நிறுவனத்திடம். வெளியே நின்ற கிராமத்து மக்கள் பையில் கொஞ்சம் மண், குப்பியில் கொஞ்சம் தண்ணீர், பிள்ளைகளின் இரத்தப் பரிசோதனைத் தாள் என்று சேர்த்துக்கொண்டு வந்தார்கள். டாக்டர் த. ஜெயபாலன் போன்ற மருத்துவர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். ஜப்பானிலிருந்து பேராசிரியர் சடாவோ இச்சிக்காவா, கனடாவிலிருந்து டாக்டர் ரோசலி பெர்ட்டல் எல்லாம் வந்து உதவினார்கள். அத்தனை செய்தும், உள்ளே போக முடிந்தவரின் சாட்சியம் வெளியே நிறுத்தப்பட்டவரின் சாட்சியத்தை விட உயர்ந்தது என்று ஆகிவிட்டது. உரிமம் கொடுத்த வாரியத்திடமே போய்க் கேளுங்கள் என்பது அதற்கு மேல் ஒரு வேடிக்கை.

இத்தனைக்கும் தீர்ப்பில் வென்ற நிறுவனம் 1994 ஜனவரியில் தானாகவே ஆலையை மூடுவதாக அறிவித்தது. மக்கள் விடாமல் கொடுத்த நெருக்கடியும் ஜப்பானிலேயே எழுந்த எதிர்ப்பும் தாங்கவில்லை என்பதே நம் கணிப்பு. அதற்குப் பிறகுதான் துப்புரவு. 2011-இல் நியூயார்க் டைம்ஸ் நாளேடு அதைப் பற்றி விரிவாக எழுதியது. துப்புரவுக்கு மிட்சுபிஷி ஏற்ற செலவு சுமார் 100 மில்லியன் அமெரிக்க வெள்ளி. 80,000-க்கும் மேற்பட்ட பீப்பாய்க் கழிவு. அதே செய்தியில் இன்னொரு தொகையும் இருந்தது. ஊர் மக்களோடு ஏற்பட்ட சமரசத்தில், எந்தப் பொறுப்பையும் ஏற்காமல், பள்ளிக்கூடங்களுக்கு நன்கொடையாக நிறுவனம் கொடுக்க ஒப்புக்கொண்டது 164,000 அமெரிக்க வெள்ளி. சுமார் 11,000 பேர் வாழ்ந்த அந்த ஊரில் எட்டுப் பேருக்கு இரத்தப் புற்றுநோய் வந்ததாகவும் அவர்களில் ஏழு பேர் இறந்ததாகவும் அதே செய்தி சொன்னது. ஆலைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்பதே நிறுவனத்தின் நிலை. சட்டப்படி யாரும் அதை உடைக்கவில்லை. எப்படி உடைப்பது? சிறிய ஊரில் எட்டுப் பேருக்கு வந்த நோய் எதனால் வந்தது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் காட்ட எந்தக் கிராமத்தாலும் முடியாது. ஆனால் மண்ணைத் தோண்டிப் பீப்பாயில் அடைத்து மலையில் புதைக்க 100 மில்லியன் வெள்ளி செலவழிக்கத் தக்க ஏதோ ஒன்று அங்கே இருந்தது என்பதற்குத் தனிச் சாட்சி வேண்டுமா?

இங்கே நம் சமூகத்துக்குள் ஒரு பேச்சு. புக்கிட் மேராவில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் சீனர்கள். அதனால் அது ‘அவர்கள் பிரச்சினை’ என்று ஒதுக்குவது சுலபம். உரிமை இயக்கம் நடத்துகிறவர்களுக்கே இந்தப் புத்தி சில நேரம் வந்துவிடும். நம் ஆள் யார், எத்தனை பேர் என்றுதான் முதலில் எண்ணுவோம். அந்த வழக்குக்கு முதுகெலும்பாக நின்ற பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் தலைவர் எஸ்.எம். முகம்மது இத்ரீஸ் இராமநாதபுரம் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம். வழக்கறிஞர் ஒரு தமிழ்ப் பெண். மருத்துவர் தமிழர். அவர்கள் யாரும் அந்தக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. 2019-இல் இத்ரீஸ் அவர்கள் மறைந்தபோது சிங்கப்பூரில் நாம் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டோமா என்றால், இல்லை.

சரி, நிரூபிக்கும் பாரத்தைத் திருப்பி வைக்கச் சட்டத்தில் வழியே இல்லையா? இருக்கிறது. அது பிறந்ததும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி குல்தீப் சிங் அமர்வு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. கெடுதல் வரும் என்று அறிவியல் முழுதாக உறுதி சொல்லும் வரை காத்திருக்கக் கூடாது என்றது. மூன்றாவதாக ஒன்று சொன்னது, அதுதான் முக்கியம்: தன் தொழிலால் சுற்றுச்சூழலுக்குக் கேடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துகிறவருடையது. புக்கிட் மேரா மக்கள் தோற்று மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. இந்த ஒரு வரி அவர்கள் கையில் இருந்திருந்தால் வழக்கு வேறு மாதிரி முடிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எழுதி வைத்த சட்டம் நடைமுறைக்கு வர எத்தனை காலம் ஆகும் என்பதைத் தூத்துக்குடி காட்டியது. 1994-இல் அடிக்கல் நாட்டி, 1996-97 வாக்கில் ஓடத் தொடங்கிய ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் கதையை உங்களில் பலர் என்னை விட நன்றாக அறிவீர்கள். அந்த மாவட்டத்துக்காரர்கள் நம் ஊர் விடுதிகளில் எவ்வளவோ பேர். தாமிரத் தாதுவை உருக்கினால் கந்தகப் புகை வரும், அதை அமிலமாக்குவார்கள். ஒரு டன் தாமிரத்துக்கு ஏறத்தாழ இரண்டு டன் கசடு மிஞ்சும். ஆண்டுக்கு 4 லட்சம் டன் தாமிரம் உற்பத்தி செய்யக்கூடிய ஆலை அது. கசடு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2013 ஏப்ரல் 2-இல் அதே உச்ச நீதிமன்றம், பல காலம் முறையான அனுமதி புதுப்பிக்கப்படாமலேயே ஆலை ஓடியதைக் குறிப்பிட்டு 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொல்லிவிட்டு, ஆலையை ஓடவும் விட்டது. 2018 ஏப்ரல் 9-இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தபோது சொன்ன காரணங்களைப் பாருங்கள்: ஆலையைச் சுற்றியுள்ள கிணறுகளின் நிலத்தடி நீர் அறிக்கையைத் தரவில்லை, உப்பாற்றுக் கரையில் கொட்டிய தாமிரக் கசடை அகற்றவில்லை. அதாவது, கேடு இல்லை என்று காட்ட வேண்டியவர் காட்டவில்லை. அது காகிதத்தில் வந்து ஏறத்தாழ ஆறு வாரத்தில், மே 22-இல், போராட்டத்தின் நூறாவது நாளில், துப்பாக்கிச் சூடு. 13 பேர் உயிர் போனது. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022-இல் அளித்த அறிக்கையில் காவல்துறை அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது.

2020 ஆகஸ்ட் 18-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடியது சரி என்றது. 2024 பிப்ரவரி 29-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 1996-இல் சொன்ன கொள்கை தூத்துக்குடிக்கு வந்து சேர 28 ஆண்டு. நடுவில் 13 உயிர். ஆலையை நம்பி வேலை செய்தவர்களும் லாரி ஓட்டியவர்களும் இருந்தார்கள், அவர்கள் வாழ்க்கையும் குலைந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அவர்களையும் ஊர் மக்களையும் எதிரெதிராக நிறுத்தியது யார் என்று மட்டும் கேட்க வேண்டும்.

இப்போது மறுபடியும் பழைய பாதைக்குத் திருப்புகிறார்கள். குமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் கடற்கரை மணல் எடுக்க இந்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். திட்டமிட்டது. மீனவ ஊர்கள் எதிர்த்ததால் 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக் கேட்பு தள்ளிப்போனது. 2025 செப்டம்பரில் இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் என்ன செய்தது தெரியுமா? அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றின் சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பே தேவையில்லை என்று விலக்கு அளித்தது. நிரூபிக்கும் பாரம் யார் மேல் என்ற கேள்விக்கு முன்னால், கேள்வி கேட்கும் இடத்தையே எடுத்துவிட்டார்கள். மலேசியாவில், குவாந்தானுக்குப் பக்கத்தில் கெபேங்கில் 2012 முதல் ஆஸ்திரேலியத் தாதுவைப் பதப்படுத்தும் லைனஸ் ஆலையிலும் தோரியம் கலந்த கழிவு லட்சக்கணக்கான டன் சேர்ந்தது. கதிரியக்கக் கழிவு உண்டாகும் வேலையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று போட்ட நிபந்தனை 2023 அக்டோபரில் தளர்த்தப்பட்டது.

நம் சிங்கப்பூரில் தாமிர ஆலையும் இல்லை, மோனசைட் ஆலையும் இல்லை. நமக்கென்ன என்று இருக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சந்திக்கும் கப்பல் பட்டறைத் தம்பிமாரில் யாராவது பிளாஸ்டிங் வேலை செய்பவராக இருந்தால், உள்ளே எதை அடிக்கிறீர்கள் என்று கேளுங்கள். ‘கிரிட்’ என்பார். கறுப்பாக, கண்ணாடித் தூள் போல இருக்கும். அது தாமிர ஆலையின் கசடு. கப்பலின் துருவையும் பழைய பெயிண்டையும் சுரண்ட அதைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி அடிப்பார்கள். சாதாரண மணலைப் பயன்படுத்தினால் சிலிக்கா தூசி நுரையீரலைத் தின்றுவிடும் என்பதால் மணலுக்குச் சட்டம் தடை போட்டது. அந்த இடத்துக்குக் கசடு வந்தது. நம் பட்டறைக்கு வருவது தூத்துக்குடிக் கசடு என்று நான் சொல்லவில்லை. எந்த நாட்டு ஆலையினுடையதாக இருந்தாலும் ஓர் ஊரின் கழிவு இன்னோர் ஊரில் வேலைச் சாமான் ஆகிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அடித்து முடித்த கசடை இங்கே ஆற்றங்கரையில் கொட்டுவதில்லை. கழுவிச் சுத்தம் செய்து கட்டுமானத்தில் மணலுக்குப் பதிலாகக் கலக்கிறார்கள். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் புள்ளிவிவரத்தில் பயன்படுத்திய கசடுக்குத் தனி வரிசையே உண்டு. கிட்டத்தட்ட முழுதும் மறுசுழற்சி ஆவதாக ஆண்டுதோறும் வருகிறது. இடமில்லாத நாடு, செமாக்காவ் தீவு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்ற கவலை, அதனால் இந்த ஒழுங்கு. எங்கே மனம் வைத்தார்களோ அங்கே கழிவைக் கணக்கு வைத்துக் கையாள முடிகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

கசடுக்கு இருக்கும் அந்தக் கணக்கு அதை அடிக்கும் தொழிலாளியின் நெஞ்சுக்கு இருக்கிறதா? கசடில் சிலிக்கா குறைவு, உண்மைதான். ஆனால் ஆர்செனிக், ஈயம், பெரிலியம் போன்றவை சிறிதளவில் இருக்கக்கூடும். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பு 2017-இல் பெரிலியத்துக்கு விதி செய்தபோது, கப்பல் பட்டறைகளில் கசடு அடிப்பவர்களைக் குறிப்பாக மனத்தில் வைத்தே செய்தது. இதோடு சுரண்டப்படும் பழைய பெயிண்டின் தூளும் சேர்கிறது. காற்றுக் குழாய் பொருத்திய முகமூடி போட்டவர் ஓரளவு தப்பலாம். அவர் அடித்து முடித்ததும் உள்ளே போய்க் கூட்டி அள்ளுகிற ஆளுக்குப் பெரும்பாலும் துணி முகமூடிதான்.

நம் வேலைக் காயம் இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. முதலாளி தவறு செய்தார் என்று தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை. வேலையால் வந்த காயம், அல்லது சட்டத்தின் பட்டியலில் உள்ள தொழில்சார் நோய் என்றால் போதும். வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர்களுக்கும் இது பொருந்தும். வேலையை விட்ட பிறகும் கோரலாம். புக்கிட் மேரா மக்களுக்குக் கிடைக்காதது இங்கே தொழிலாளிக்குப் பாதி கிடைத்திருக்கிறது. மீதிப் பாதி என்னவென்றால், நோய் அந்த வேலையால்தான் வந்தது என்று தெரிய வேண்டும், அந்த வேலையை விட்ட பின் எத்தனை காலத்துக்குள் நோய் வெளிப்பட வேண்டும் என்ற கணக்கும் உண்டு. தூசி நோயோ மெல்ல வருவது. பத்து வருடம் இங்கே அடித்துவிட்டு ஊருக்குப் போய், மன்னார்குடியிலோ அறந்தாங்கியிலோ இருமத் தொடங்கும்போது, எந்தப் பட்டறை, எந்த வருடம், என்ன பொருள் என்று காட்டத் தாள் இருக்காது.

சட்டம் மாறட்டும் என்று நாம் மனு எழுதிக்கொண்டிருப்போம். தூசி வேலை செய்தவர்களின் பதிவேட்டை அமைச்சே வைத்திருக்க வேண்டும், வேலை முடிந்து நாடு திரும்பும்போது ஒவ்வொருவருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து நகலைக் கையில் கொடுக்க வேண்டும், நோய் வந்தால் வேலையால் வரவில்லை என்று காட்டுவது நிறுவனத்தின் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பவை நம் கோரிக்கைகள். அதுவரை குடும்பங்கள் செய்யக்கூடியது இது. சம்பளச் சீட்டு, வேலை அனுமதிச் சீட்டின் நகல், பட்டறையின் பெயர், கப்பலின் பெயர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கிரிட் மூட்டையின் மேல் ஒட்டியுள்ள சீட்டைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து ஊரில் இருக்கும் மனைவிக்கோ அண்ணனுக்கோ அனுப்பி வையுங்கள். மருத்துவப் பரிசோதனைக்கு நிறுவனம் அழைத்துப் போனால் முடிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள், கேட்பது உங்கள் உரிமை. இழப்பீடு கோருவதற்குக் காலக்கெடு ஓராண்டு: விபத்து என்றால் நடந்த நாளிலிருந்து, நோய் என்றால் மருத்துவர் கண்டறிந்த நாளிலிருந்து. தாள்கள் பத்திரமாக இருக்கிறதா என்று இந்த வாரமே ஊருக்குப் பேசும்போது கேளுங்கள்.